குபெர்நெட்டிஸ் கிளஸ்டரில் இங்க்ரெஸ் கன்ட்ரோலர் நிறுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பைக் கண்டெய்னராக்கி குபெர்நெட்டிஸ் (கண்டெய்னர்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) கிளஸ்டரில் ஏற்றுகிற வரை பலருக்கும் சிக்கல் வருவதில்லை. "பாட் ஓடுது, ஆனா பிரவுசர்ல எப்படித் திறக்கிறது?" என்ற இடத்தில்தான் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. (பாட் என்பது ஆப்பின் கண்டெய்னர் ஓடும் அலகு, நோட் என்பது கிளஸ்டரில் உள்ள ஒரு மெஷின்.) அவற்றை எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொண்ட கன்ட்ரோலர் ட்ரேஃபிக். அதைப் போக்குவரத்து என்ற பொருளில் வரும் ட்ராஃபிக் மாதிரியேதான் உச்சரிப்பார்கள். குழப்பம் வேண்டாம் என்று இங்கே ட்ரேஃபிக் என்றே எழுதியிருக்கிறது. கட்டளைகள் வாயால் சொல்கிற மாதிரி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. டெர்மினலில் வழக்கமான எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. இங்க்ரெஸ், இங்க்ரெஸ் கன்ட்ரோலர் ரெண்டும் ஒன்னுதானே?

இல்லை. இங்க்ரெஸ் என்பது ஒரு விதி மட்டும்: "இந்த ஹோஸ்ட் பெயருக்கு, இந்தப் பாதைக்கு வருவதை இந்த சர்வீஸுக்கு அனுப்பு". சர்வீஸ் என்பது பாட்களுக்கு முன்னால் நிற்கும் நிலையான உள் முகவரி. இங்க்ரெஸ் விதியைப் படித்து, வருகிற கோரிக்கையை உண்மையில் கைமாற்றிவிடுகிற புரோகிராம்தான் கன்ட்ரோலர். குபெர்நெட்டிஸோடு கன்ட்ரோலர் எதுவும் சேர்ந்து வருவதில்லை. நாம்தான் நிறுவ வேண்டும்.

கன்ட்ரோலரே இல்லாத கிளஸ்டரில் இங்க்ரெஸை அப்ளை செய்தாலும் பிழை வராது, "கிரியேட்டட்" என்றே சொல்லும். கிளஸ்டரோடு பேசும் கட்டளைக் கருவியில் கியூப்சிடிஎல் கெட் இங்க்ரெஸ் அடித்தால் அட்ரஸ் என்ற பத்தி மட்டும் காலியாகவே கிடக்கும். பாதிப் பேர் இங்கேதான் ஒரு நாளைத் தொலைக்கிறார்கள்.

2. சர்வீஸையே லோட்பேலன்சர்னு போட்டா வேலை முடிஞ்சுதே. இது எதுக்கு தனியா?

ஒரே ஒரு சர்வீஸ் என்றால் முடிந்தது, தேவையில்லை. 12 சர்வீஸ் இருந்தால் கிளவுடில் 12 லோட்பேலன்சர், 12 ஐபி, மாதாமாதம் அத்தனைக்கும் பில், சர்டிஃபிகேட்டையும் 12 இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நோட்போர்ட் (ஒவ்வொரு நோடிலும் ஒரு போர்ட்டைத் திறக்கும் சர்வீஸ் வகை) என்றால் 30000 முதல் 32767 வரையிலான எண்ணில் ஒன்று கிடைக்கும். அதை வாடிக்கையாளரிடம் முகவரியாகக் கொடுக்க முடியாது. கன்ட்ரோலர் இருந்தால் வெளியே ஒரே ஐபி, 80, 443 என்ற இரண்டே போர்ட். ஹோஸ்ட் பெயரையும் பாதையையும் பார்த்து உள்ளே பிரித்துவிடும்.

போஸ்ட்கிரெஸ், எம்க்யூடிடி போல எச்டிடிபி அல்லாதவற்றுக்கு இங்க்ரெஸ் விதி பொருந்தாது. அவற்றுக்குத் தனி லோட்பேலன்சர் சர்வீஸே நேர்வழி.

3. எல்லா டுடோரியல்லயும் என்ஜின்எக்ஸ்னுதான் இருக்கு. அதையே போட்டுடலாமா?

புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் வேண்டாம். குபெர்நெட்டிஸ் சமூகம் பராமரித்து வந்த இங்க்ரெஸ்-என்ஜின்எக்ஸ் திட்டத்தை மூடுவதாக 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். 2026 மார்ச்சுக்குப் பிறகு அதற்குப் புதிய வெளியீடு கிடையாது, பாதுகாப்புத் திருத்தமும் கிடையாது. ஏற்கெனவே ஓடுவது அன்றோடு நின்றுவிடாது, ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை என்பதுதான் பிரச்சினை. 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-1974 என்ற பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கும்: அதன் அட்மிஷன் வெப்ஹூக் (புதிய இங்க்ரெஸ் விதிகளை ஏற்குமுன் சோதிக்கும் பகுதி) வழியாக, பாட் நெட்வொர்க்குக்குள் இருக்கும் யார் வேண்டுமானாலும் கன்ட்ரோலருக்குள் தன் புரோகிராமை ஓட்ட முடிந்தது. தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. இயல்பு அமைப்பில் கன்ட்ரோலரால் கிளஸ்டரின் எல்லா சீக்ரெட்டையும் (கடவுச்சொல், சாவி போன்றவை) படிக்க முடியும் என்பதால் அது கிளஸ்டரையே தூக்கிக் கொடுத்த மாதிரி. 1.11.5, 1.12.1 பதிப்புகளில் அடைத்தார்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. எஃப்5 நிறுவனம் வெளியிடும் என்ஜின்எக்ஸ் இங்க்ரெஸ் கன்ட்ரோலர் வேறு திட்டம், அது மூடப்படவில்லை. இரண்டின் அனோட்டேஷன்களும் (இங்க்ரெஸில் கன்ட்ரோலருக்கென்று எழுதும் கூடுதல் குறிப்புகள்) வேறு வேறு. ஒன்றின் யாமலை (அமைப்பை எழுதும் ஃபைல்) மற்றதில் ஒட்டினால் ஓடாது. ட்ரேஃபிக், எச்ஏபிராக்ஸி, கான்டூர், என்வாய் கேட்வே எல்லாமே உயிரோடு இருக்கும் தேர்வுகள். சிறிய குழுவுக்கு ட்ரேஃபிக்கைச் சொல்லக் காரணம், நிறுவ எளிது, லாக் படிக்கப் புரியும், கே3எஸ் என்ற சிறிய குபெர்நெட்டிஸில் ஏற்கெனவே இருக்கிறது.

4. போடறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்த்துக்கணும்?

கிளஸ்டர் 1.22-க்கு மேல் இருக்கட்டும். இங்க்ரெஸின் வி1 வடிவம் 1.19-இல் வந்தது, பழைய பீட்டா வடிவங்களை 1.22-இல் நீக்கிவிட்டார்கள், இணையத்தில் கிடைக்கும் பழைய யாமல் "நோ மேட்சஸ் ஃபார் கைண்ட்" என்று விழுவதற்குக் காரணம் இதுதான். கிளஸ்டர் அளவிலான ரோல் (உரிமைத் தொகுப்பு), சிஆர்டி (புதிய ஆப்ஜெக்ட் வகையைச் சேர்க்கும் வரையறை) எல்லாம் உருவாகும் என்பதால் ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்த பகுதி) உரிமை மட்டும் இருந்தால் போதாது, அட்மின் உரிமை வேண்டும். ஹெல்ம் (சார்ட் என்ற தொகுப்புகளை கிளஸ்டரில் நிறுவும் கருவி) வேண்டும்.

கியூப்சிடிஎல் கெட் இங்க்ரெஸ்கிளாஸ் அடித்து வேறு கன்ட்ரோலர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், வெளி ஐபி எங்கிருந்து வரப்போகிறது என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 7-ஆம் கேள்வியில் வந்து நிற்பீர்கள்.

5. சரி, கமாண்ட் சொல்லுங்க.

முதலில் ஹெல்ம் ரெப்போ ஆட் ட்ரேஃபிக், அதற்கு முகவரி ட்ரேஃபிக்.கிட்ஹப்.ஐஓ/சார்ட்ஸ். பிறகு ஹெல்ம் ரெப்போ அப்டேட். அடுத்து ஹெல்ம் சர்ச் ரெப்போ ட்ரேஃபிக் என்று அடித்து, காட்டுகிற சார்ட் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேல்யூஸ் ஃபைல் (சார்டுக்கு நாம் கொடுக்கும் அமைப்புகள்) ஒன்றை எழுதி கிட்டில் வையுங்கள். தொடக்கத்துக்கு அதில் மூன்றே விஷயம் போதும்: டெப்ளாய்மென்டின் கீழ் ரெப்ளிகாஸ் 2 (பாடின் இரண்டு நகல்), ரிசோர்ஸஸின் கீழ் ரிக்வெஸ்ட் 100எம் சிபியு, 128 எம்ஐ மெமரி, லாக் லெவல் இன்ஃபோ.

நிறுவும் கட்டளை: ஹெல்ம் அப்கிரேட் --இன்ஸ்டால் ட்ரேஃபிக் ட்ரேஃபிக்/ட்ரேஃபிக், அதோடு --நேம்ஸ்பேஸ் ட்ரேஃபிக், --கிரியேட்-நேம்ஸ்பேஸ், --வேல்யூஸ் வேல்யூஸ்.யாமல், --வெர்ஷன் என்று போட்டுக் குறித்துவைத்த எண். இன்ஸ்டால் என்று தனியாக அடிக்காமல் இப்படி அடித்தால், நாளை மாற்றம் செய்யும்போதும் இதே வரிதான். வெர்ஷனை விட்டுவிடாதீர்கள். இந்த சார்ட் அடிக்கடி பெரிய பதிப்பு மாறுகிறது, வேல்யூஸ் சாவிகளின் பெயரும் இடமும் கூடவே மாறுகின்றன.

முடிந்ததும் மூன்றைப் பாருங்கள்: ட்ரேஃபிக் நேம்ஸ்பேஸில் இரண்டு பாடும் 1/1 ரன்னிங், சர்வீஸுக்கு எக்ஸ்டர்னல்-ஐபி, இங்க்ரெஸ்கிளாஸ் பட்டியலில் ட்ரேஃபிக். பாடுக்குள் 8000, 8443 என்ற போர்ட்களைப் பார்த்து மிரள வேண்டாம். ரூட் அல்லாத பயனராக ஓடுவதால் உள்ளே அந்த எண்கள். சர்வீஸ்தான் வெளியே 80, 443 என்று காட்டுகிறது. இந்த 8000 பிறகு 20-ஆம் கேள்வியில் மறுபடி வரும்.

6. ஐபியைத் திறந்தா "404 பேஜ் நாட் ஃபவுண்ட்"னு மட்டும் வருது. தப்பாப் போட்டுட்டேனா?

சரியாகவே போட்டிருக்கிறீர்கள். கோரிக்கை ட்ரேஃபிக் வரை வந்துவிட்டது, பொருந்தும் விதி இன்னும் இல்லை என்று பொருள். கனெக்ஷன் டைம்அவுட் அல்லது ரெஃப்யூஸ்டு வந்தால்தான் நிறுவலைச் சந்தேகிக்க வேண்டும்.

7. எக்ஸ்டர்னல்-ஐபி அரை மணி நேரமா பெண்டிங்லயே நிக்குது.

சொந்த சர்வரில் கியூப்அட்மின் கருவி வைத்துக் கட்டிய கிளஸ்டரா? அப்படியானால் அரை நாள் காத்திருந்தாலும் வராது. லோட்பேலன்சர் வகை சர்வீஸுக்கு ஐபி தருவது குபெர்நெட்டிஸின் வேலை அல்ல. கிளவுடின் கன்ட்ரோலரோ அதற்கு நிகரான வேறொன்றோ தர வேண்டும். சொந்த நெட்வொர்க்கில் அந்த வேலையைச் செய்வது மெட்டல்எல்பி.

மெட்டல்எல்பி நிறுவியபின் இரண்டு ஆப்ஜெக்ட் எழுத வேண்டும். ஐபிஅட்ரஸ்பூல்: உங்கள் லேனில் (உள் நெட்வொர்க்) ரவுட்டரின் டிஎச்சிபி (தானாக ஐபி கொடுப்பது) தொடாத ஒரு வரம்பு, எடுத்துக்காட்டாக 192.168.1.240 முதல் 192.168.1.250 வரை. எல்2அட்வர்டைஸ்மென்ட்: அந்தப் பூலை ஏஆர்பி (ஒரு ஐபி எந்த மெஷினுடையது என்று லேனில் கேட்டுச் சொல்லும் முறை) மூலம் அறிவிக்கச் சொல்வது. இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். மறந்தால் எக்ஸ்டர்னல்-ஐபி அழகாக வந்துவிடும், ஆனால் "அந்த ஐபி யாருடையது" என்று லேனில் கேட்டால் எவரும் பதில் சொல்ல மாட்டார்கள். பிரவுசர் சுற்றிக்கொண்டே இருக்கும். கியூப்-பிராக்ஸி (சர்வீஸுக்கு வருவதைப் பாடுக்குத் திருப்பும் பகுதி) ஐபிவிஎஸ் முறையில் இருந்தால் ஸ்ட்ரிக்ட்ஏஆர்பி ட்ரூ என்றும் வைக்க வேண்டும். பிங் வரவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், கர்ல் அடித்துப் பாருங்கள்.

வாடகை விபிஎஸ் (வர்ச்சுவல் சர்வர்) நோட்களில் எல்2 முறை பெரும்பாலும் ஓடாது. நமக்கு ஒதுக்காத ஐபிக்கு ஏஆர்பி பதில் சொல்ல அங்கே விடமாட்டார்கள். அந்த நிறுவனத்தின் கிளவுட் கன்ட்ரோலர் மேனேஜர் இருந்தால் அதைப் போடுங்கள். ஒற்றை நோட் என்றால் வேல்யூஸில் வெப் (எச்டிடிபி) போர்ட்டுக்கு ஹோஸ்ட்போர்ட் 80, வெப்செக்யூருக்கு (எச்டிடிபிஎஸ்) 443 என்று நேரடியாகத் திறந்துவிடலாம், அழகில்லை என்றாலும் வேலை செய்யும். ஏடபிள்யூஎஸ் இகேஎஸ்-இல் பெண்டிங் நின்றால் சப்நெட்டில் லோட்பேலன்சருக்கான டேக் இல்லாததுதான் வழக்கமான காரணம். அங்கே ஐபிக்குப் பதில் நீளமான ஹோஸ்ட்பெயர் வரும். டிஎன்எஸ்-இல் ஏ ரெக்கார்டு (ஐபியைக் காட்டுவது) அல்ல, சிநேம் (இன்னொரு பெயரைக் காட்டுவது) அல்லது ரூட்53 ஏலியாஸ்.

8. கே3எஸ் வெச்சிருக்கேன். தனியாப் போடணுமா?

வேண்டாம், ட்ரேஃபிக்கும் சர்வீஸ்எல்பி என்ற சிறிய லோட்பேலன்சரும் கூடவே வருகின்றன. அமைப்பை மாற்ற, சர்வர் நோடின் மேனிஃபெஸ்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ட்ரேஃபிக்.யாமலைத் திருத்தாதீர்கள், கே3எஸ் மறுபடி தொடங்கும்போது அது பழையபடி எழுதப்பட்டுவிடும். கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில், ட்ரேஃபிக் என்ற பெயரிலேயே, ஹெல்ம்சார்ட்கான்ஃபிக் ஆப்ஜெக்ட் ஒன்று எழுதி அதற்குள் வேல்யூஸைக் கொடுங்கள்.

வேறு கன்ட்ரோலர்தான் வேண்டும் என்றால் --டிசேபிள் ட்ரேஃபிக் என்று கொடுத்து கே3எஸ்ஸைத் தொடங்க வேண்டும். இரண்டையும் வைத்தால் 80-க்கும் 443-க்கும் அடிதடி.

9. முதல் இங்க்ரெஸ்ல கட்டாயம் என்னென்ன இருக்கணும்? டிஎன்எஸ் இல்லாம டெஸ்ட் பண்ண முடியுமா?

இங்க்ரெஸ்கிளாஸ்நேம் (எந்தக் கன்ட்ரோலருக்கு என்பது), இங்கே ட்ரேஃபிக்; ஹோஸ்ட், ஷாப்.எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம்; பாத்; பாத்டைப் (பாதையை எப்படி ஒப்பிடுவது என்பது); சர்வீஸின் பெயரும் போர்ட்டும். பழைய அனோட்டேஷன் வழியாக கிளாஸ் சொல்வது கைவிடப்பட்ட முறை. பாத்டைப் வி1-இல் கட்டாயம். போர்ட் என்பது சர்வீஸின் போர்ட், கண்டெய்னரின் போர்ட் அல்ல: சர்வீஸ் 80-ஐ 3000-க்குத் திருப்பினால் இங்கே எழுத வேண்டியது 80. இங்க்ரெஸும் சர்வீஸும் ஒரே நேம்ஸ்பேஸில் இருக்க வேண்டும்.

டிஎன்எஸ் இல்லாமலே பார்க்கலாம். கர்ல் --ரிசால்வ் ஷாப்.எக்ஸாம்பிள்.காம்:80:192.168.1.240 என்று கொடுத்து, பின்னால் யுஆர்எல்லைப் போடுங்கள். பிரவுசரில் பார்க்க ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி. ஐபியை மட்டும் பிரவுசரில் அடித்துவிட்டு 404 என்று சொல்லாதீர்கள், 6-ஆம் பதில் அதற்குத்தான்.

ப்ரிஃபிக்ஸ் வகையில் ஒரு நுணுக்கம். குபெர்நெட்டிஸ் விதிப்படி /ஆப் என்பது /ஆப், /ஆப்/1 இரண்டுக்கும் பொருந்தும், /ஆப்பிள் என்பதற்குப் பொருந்தாது. ட்ரேஃபிக் இயல்பாக எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதால் அதற்கும் பொருத்திவிடும். சமீபப் பதிப்புகளில் ஸ்ட்ரிக்ட்ப்ரிஃபிக்ஸ்மேட்சிங் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை இயக்கினால் விதிப்படி நடக்கும்.

10. /ஏபிஐ-ன்னு ரூட் போட்டேன். ட்ரேஃபிக் 404 இல்ல, எங்க ஆப்போட 404 வருது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஆப்புக்கு /ஏபிஐ/யூசர்ஸ் என்று முழுப்பாதையும் போய்ச் சேர்கிறது, ஆப்பிலோ /யூசர்ஸ் மட்டும்தான் இருக்கிறது. முன்னொட்டை வெட்ட ட்ரேஃபிக்கில் மிடில்வேர் (கோரிக்கையை வழியில் மாற்றுவது) என்ற ஆப்ஜெக்ட் எழுத வேண்டும், வகை ஸ்ட்ரிப்ப்ரிஃபிக்ஸ். இங்க்ரெஸில் ரவுட்டர்.மிடில்வேர்ஸ் அனோட்டேஷனில் அதைச் சுட்டுங்கள்.

சுட்டும் பெயரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஷாப் நேம்ஸ்பேஸில் வெட்டு என்று ஒரு மிடில்வேர் இருந்தால், எழுத வேண்டியது "ஷாப்-வெட்டு@குபெர்நெட்டிஸ்சிஆர்டி". நேம்ஸ்பேஸ், நடுவில் சிறுகோடு, மிடில்வேர் பெயர், கடைசியில் அந்த வால். ஒன்று விட்டாலும் அந்த விதியே செயல்படாமல் 404 வரும். கன்ட்ரோலர் லாக்கில் "டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று ஒரு வரி இருக்கும்.

11. 502, 503, 504 மாறி மாறி வருது. எங்கேன்னு பார்க்கிறது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வாய்க்காலோடு நடந்து ஒவ்வொரு மடையாகப் பார்க்கிறோம் இல்லையா, அதே வேலைதான். மடைகள் ஐந்து: டிஎன்எஸ், வெளி ஐபி, கன்ட்ரோலர் பாட், சர்வீஸ், அதற்கப்புறம் உங்கள் ஆப் பாட். இந்த எண்களில் ஒன்று வந்துவிட்டாலே முதல் மூன்று மடையும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோலரின் வேல்யூஸைப் போய் நோண்ட வேண்டாம்.

503 என்றால் சர்வீஸுக்குப் பின்னால் தயாரான பாட் ஒன்றுகூட இல்லை. கியூப்சிடிஎல் கெட் எண்ட்பாயிண்ட்ஸ்லைஸ் அடித்தால் முகவரி காலியாக இருக்கும்: செலக்டர் லேபிள் பொருந்தவில்லை, அல்லது ரெடினெஸ் புரோப் (ஆப் தயாரா என்று பார்க்கும் சோதனை) தோற்கிறது. ட்ரேஃபிக்கின் அலோஎம்ப்டிசர்வீசஸ் என்ற அமைப்பு இயக்கத்தில் இல்லாவிட்டால் இதே நிலைக்கு ட்ரேஃபிக் 404 தரும், ஏமாந்துவிடாதீர்கள். 502 என்றால் பாட் இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்பார் இல்லை. டார்கெட்போர்ட் தவறு, அல்லது ஆப் 127.0.0.1-இல் மட்டும் கேட்கிறது. இந்த இரண்டாவது காரணம் மிகவும் வஞ்சகமானது: பாடுக்குள் எக்செக் போய் லோக்கல்ஹோஸ்டுக்குக் கர்ல் அடித்தால் 200 வரும், போர்ட்-ஃபார்வேர்டிலும் வரும், கன்ட்ரோலரிலிருந்து மட்டும் வராது. ஆப்பை 0.0.0.0-இல் கேட்க வையுங்கள்.

504 என்றால் பாக்கெட் போனது, பதில் வரவில்லை. நெட்வொர்க்பாலிசி (எந்தப் பாடோடு யார் பேசலாம் என்ற விதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷாப் நேம்ஸ்பேஸில் எல்லாவற்றையும் மறுக்கும் பாலிசி இருந்தால், ட்ரேஃபிக் நேம்ஸ்பேஸிலிருந்து வருவதற்குத் தனியாக அனுமதி எழுத வேண்டும். புதிய பதிப்பு ஏற்றும் சில நொடிகளில் மட்டும் 502 வந்து மறைகிறது என்றால் அது வேறு கதை: பழைய பாட் செத்துக்கொண்டிருப்பது கன்ட்ரோலருக்கு இன்னும் தெரியவில்லை. ஆப் பாடின் ப்ரீஸ்டாப்பில் (நிற்குமுன் ஓடும் கட்டளை) 10 நொடி ஸ்லீப் வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

12. எச்டிடிபிஎஸ் வேணும். ட்ரேஃபிக்கே சர்டிஃபிகேட் வாங்கிடுமாமே?

வாங்கும். ஆனால் அதை அக்மே.ஜேசன் என்ற ஒரு ஃபைலில் வைக்கும். திறந்த மூலப் பதிப்பில் இரண்டு ரெப்ளிகா அதைப் பகிர முடியாது. 5-ஆம் பதிலில் ரெப்ளிகாஸ் 2 என்று சொன்னதால் செர்ட்-மேனேஜர் (சர்டிஃபிகேட்டை வாங்கிப் புதுப்பிக்கும் தனிக் கருவி) போடுவதே சரி. கிளஸ்டர்இஷ்யூவர் (சர்டிஃபிகேட்டை யாரிடம் வாங்குவது என்ற ஆப்ஜெக்ட்) ஒன்று எழுதி, அதன் பெயரை இங்க்ரெஸின் அனோட்டேஷனில் கொடுத்து, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் குறியாக்கம்) பகுதியில் ஹோஸ்டும் சீக்ரெட் பெயரும் எழுதினால், சீக்ரெட்டை அதுவே உருவாக்கி அதுவே புதுப்பிக்கும். 90 நாள் சர்டிஃபிகேட்டை 30 நாள் மீதமிருக்கும்போதே மாற்றிவிடும்.

முதலில், இலவசமாக சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் (சோதனை) முகவரியில் சோதியுங்கள். அசல் முகவரியில் ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சர்டிஃபிகேட்தான். "அழிச்சுட்டுத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்" என்று ஐந்து முறை செய்துவிட்டால் வெளியீட்டு நாளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

13. சர்டிஃபிகேட் ரெடி ஃபால்ஸ்னே இருக்கு, ஏன்?

செர்ட்-மேனேஜரில் சர்டிஃபிகேட், சர்டிஃபிகேட்ரிக்வெஸ்ட், ஆர்டர், சேலஞ்ச் என்று சங்கிலியாக உருவாகும். நேரே கடைசிக்குப் போங்கள்: கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் சேலஞ்ச். காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

எச்டிடிபி-01 (டொமைன் உங்களுடையதா என்று உங்கள் சர்வருக்கே வந்து சோதிப்பது) முறைக்கு இணையத்திலிருந்து 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். "நாங்க 443 மட்டும்தான் திறப்போம்" என்றால் நடக்காது. பழைய சர்வரைக் காட்டும் ஏஏஏஏ ரெக்கார்டு (ஐபிவி6 முகவரிக்கானது) டிஎன்எஸ்-இல் மிச்சமிருந்தால், சரிபார்ப்பு ஐபிவி6 வழியாக அங்கே போய் 404 வாங்கி வரும். வீட்டு அல்லது சிறு அலுவலக இணைப்பில் இன்னொரு தடை: ரவுட்டரின் வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் உங்கள் இணைப்பு சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது) பின்னால் இருக்கிறது, உங்களுக்கென்று பொது ஐபியே இல்லை. போர்ட் ஃபார்வேர்டிங் எத்தனை செய்தாலும் பலனில்லை. சேவையாளரிடம் நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது சர்டிஃபிகேட்டுக்கு மட்டும் டிஎன்எஸ்-01 (டிஎன்எஸ் ரெக்கார்டு வைத்துச் சோதிப்பது) முறைக்கு மாறுங்கள். வைல்ட்கார்டு சர்டிஃபிகேட்டுக்கும் டிஎன்எஸ்-01 ஒன்றே வழி.

14. சர்டிஃபிகேட் ரெடி ட்ரூ. ஆனா பிரவுசர் "ட்ரேஃபிக் டிஃபால்ட் செர்ட்"னு காட்டுதே?

அந்த ஹோஸ்டுக்குப் பொருத்தமான சர்டிஃபிகேட் கிடைக்காமல் தன் கையொப்பத்தில் ஒன்றைத் தருகிறது. டிஎல்எஸ் பகுதியில் எழுதிய ஹோஸ்டும் விதியில் எழுதிய ஹோஸ்டும் ஒன்றுதானா, சீக்ரெட் இங்க்ரெஸ் இருக்கும் அதே நேம்ஸ்பேஸில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு நேம்ஸ்பேஸ் சீக்ரெட்டை இங்க்ரெஸ் எடுக்காது.

15. எச்டிடிபிஎஸ்க்குத் திருப்பிவிட்டதும் "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"னு வருது.

முன்னால் ஏதோ ஒன்று டிஎல்எஸ்ஸை அவிழ்த்துவிட்டு, உங்களிடம் 80-ஆம் போர்ட்டில் பேசுகிறது. ட்ரேஃபிக் "443-க்குப் போ" என்கிறது, பயனர் மறுபடி வருகிறார், முன்னால் இருப்பது மறுபடி 80-க்கே அனுப்புகிறது. கிளவுட்ஃபிளேரில் எஸ்எஸ்எல் முறை ஃப்ளெக்சிபிள் என்று இருந்தால் இதுதான் நடக்கும். ஃபுல் ஸ்ட்ரிக்ட் ஆக்குங்கள். கிளவுட் லோட்பேலன்சரில் டிஎல்எஸ் முடிகிறது என்றால் திருப்பிவிடுவதை அங்கேயே வைத்து, ட்ரேஃபிக்கில் எடுத்துவிடுங்கள்.

16. லாக்ல எல்லா விசிட்டரும் 10.-ன்னு ஆரம்பிக்கிற ஒரே ஐபியா இருக்காங்க.

சர்வீஸின் எக்ஸ்டர்னல்ட்ராஃபிக்பாலிசி இயல்பாக கிளஸ்டர் என்று இருக்கும். அப்போது வேறு நோட் வழியாக வரும் பாக்கெட்டின் மூல முகவரி மாற்றப்பட்டுவிடும். லோக்கல் என்று மாற்றினால் அசல் ஐபி வரும். விலை ஒன்று உண்டு: ட்ரேஃபிக் பாட் இல்லாத நோடுக்கு வருவது கைவிடப்படும். லோட்பேலன்சர் ஹெல்த்செக் மூலம் அந்த நோடைத் தவிர்க்கும், ஆனாலும் பாட்கள் வேறு வேறு நோட்களில் இருக்கும்படி ஆன்டிஅஃபினிட்டி வைத்துவிடுங்கள்.

முன்னால் சிடிஎன்னோ எல்7 லோட்பேலன்சரோ இருந்தால் இது மட்டும் போதாது. அசல் ஐபி எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடரில் வரும். அதை அனுப்புகிறவரின் ஐபி வரம்பை ட்ரஸ்டட்ஐபிஸ்-இல் எழுத வேண்டும். இன்செக்யூர் என்று வைத்து எல்லோரையும் நம்பிவிடாதீர்கள். அந்த ஹெடரை யாரும் பொய்யாக அனுப்பலாம், ஐபி வைத்துப் போட்ட தடையெல்லாம் வீணாகும்.

17. பெரிய ஃபைல் அப்லோட் பாதியில அறுந்துபோகுது. சின்னது போகுது.

இங்க்ரெஸ்-என்ஜின்எக்ஸில் இயல்பு வரம்பு 1 எம்பி, தாண்டினால் 413 வரும். ட்ரேஃபிக்கில் அளவு வரம்பு இயல்பாக இல்லை. நேர வரம்பு இருக்கிறது. என்ட்ரிபாயிண்டின் (ட்ரேஃபிக் கோரிக்கைகளை ஏற்கும் வாசல்) ரீட்டைம்அவுட் 2.11.2 முதலும் 3.0 முதலும் 60 நொடி. அதாவது கோரிக்கை முழுவதும் 60 நொடிக்குள் வந்து சேர வேண்டும். அலுவலக ஃபைபரில் சோதித்தால் தெரியாது, மொபைல் டேட்டாவில் 200 எம்பி ஏற்றும்போதுதான் அறும். வெப்செக்யூர் என்ட்ரிபாயிண்டில் ரெஸ்பாண்டிங்டைம்அவுட்ஸின் கீழ் 600 நொடி என்று உயர்த்துங்கள். 0 என்றால் வரம்பே இல்லை. வேண்டுமென்றே மெதுவாக அனுப்பி இணைப்பைப் பிடித்து வைப்பவர்களுக்குக் கதவு திறந்த மாதிரி, அதனால் வேண்டாம்.

18. எங்க டொமைனே தமிழ்ல, .இந்தியா-ன்னு முடியும். ஹோஸ்ட்ல எழுதினா ஏத்துக்க மாட்டேங்குது.

இங்க்ரெஸ் ஹோஸ்டில் ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகள்தான் போகும். எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோடு வடிவத்தை எழுத வேண்டும், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடிபவற்றுக்கும் இதேதான். செர்ட்-மேனேஜரிலும் அதே வடிவம்.

மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்க முடியும்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. நார்மலைஸ் செய்யாத கருவியில் போட்டால் இரண்டுக்கும் வேறு வேறு பியூனிகோடு வரும். பிரவுசர் அனுப்புவது ஒன்று, உங்கள் விதியில் இருப்பது இன்னொன்று, விளைவு 404. என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றியபின் பியூனிகோடு எடுங்கள். அல்லது பிரவுசரின் டெவலப்பர் கருவியில் கோரிக்கையின் ஹோஸ்ட் ஹெடரைப் பார்த்து அப்படியே நகலெடுங்கள்.

19. டாஷ்போர்டு எங்கே இருக்கு? வெளியில திறந்து வைக்கலாமா?

வெளியே வேண்டாம், உங்கள் எல்லா ரூட்டும் அதில் தெரியும். வேல்யூஸில் இங்க்ரெஸ்ரூட்டின் கீழ் டாஷ்போர்டை எனேபிள் செய்துவிட்டு, ட்ரேஃபிக் பாடுக்கு போர்ட்-ஃபார்வேர்ட் 8080 (பழைய சார்ட்களில் 9000) போட்டு, பிரவுசரில் /டாஷ்போர்டு/ என்று திறங்கள். கடைசிச் சாய்கோடு கட்டாயம்.

20. கேட்வே ஏபிஐதான் இனிமேல்னு சொல்றாங்க. இங்க்ரெஸ் எழுதறது வீணா?

வீண் இல்லை. இங்க்ரெஸ் ஏபிஐயில் புதிய வசதி எதுவும் சேராது, ஆனால் நீக்கும் திட்டமும் இல்லை. இங்க்ரெஸுக்கு அடுத்ததாக வந்து 2023 அக்டோபரில் 1.0 ஆன கேட்வே ஏபிஐயில் ட்ராஃபிக்கை விகிதம் போட்டுப் பிரிப்பது, ஹெடர் பார்த்து அனுப்புவது, பல குழுக்கள் ஒரே நுழைவாயிலைப் பகிர்வது எல்லாம் அனோட்டேஷன் இல்லாமலே முடியும். ஐந்தாறு ஹோஸ்ட், நேரடி ரூட் மட்டும் என்றால் அவசரம் இல்லை. பல குழுக்கள் உள்ள புதிய கிளஸ்டர் என்றால் நேரே கேட்வேயில் தொடங்குவது நல்லது.

ட்ரேஃபிக்கில் அதை இயக்கும்போது: கேட்வேயின் லிசனர் போர்ட்டில் 80 என்று எழுதினால் சேராது. என்ட்ரிபாயிண்டின் உள் எண்ணான 8000-ஐ, டிஎல்எஸ்ஸுக்கு 8443-ஐ எழுத வேண்டும்.

21. இங்க்ரெஸ்-என்ஜின்எக்ஸ் புரொடக்ஷன்ல ஓடுது. நிறுத்தாம மாத்த முடியுமா?

முடியும். ட்ரேஃபிக்கைப் பக்கத்திலேயே நிறுவுங்கள், அதற்குத் தனி வெளி ஐபி கிடைக்கும். நிறுவும்போது வேல்யூஸில் இஸ்டிஃபால்ட்கிளாஸை ஃபால்ஸ் ஆக்குங்கள். சார்ட் இயல்பாக அதை ட்ரூ என்று வைக்கும். பழையதும் டிஃபால்ட் என்று இருந்தால், கிளாஸ் எழுதாத புதிய இங்க்ரெஸைப் பழைய குபெர்நெட்டிஸ் ஏற்க மறுக்கும், புதிய பதிப்புகளில் கடைசியாக உருவான கிளாஸுக்குப் போய்விடும்.

பிறகு ஒவ்வொரு இங்க்ரெஸுக்கும் வேறு பெயரில், ட்ரேஃபிக் கிளாஸோடு ஒரு நகல். ரீரைட்-டார்கெட்டுக்குப் பதில் 10-ஆம் பதிலின் மிடில்வேர். பேசிக்ஆத், ரேட்லிமிட், ஐபி அனுமதிப் பட்டியலுக்கும் மிடில்வேர்கள் உண்டு. கான்ஃபிகரேஷன்-ஸ்னிப்பெட்டில் என்ஜின்எக்ஸ் வரிகளை நேரடியாக எழுதியிருந்தால் மாற்று கிடையாது; ஒவ்வொன்றாகப் படித்து என்ன செய்கிறது என்று பார்த்து மறுபடி எழுத வேண்டும். வேலை முழுவதும் உண்மையில் இங்கேதான், முதலில் இதை எண்ணிப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ட்ரேஃபிக் 3.5 முதல் என்ஜின்எக்ஸ் அனோட்டேஷன்களையே படிக்கும் புரவைடர் ஒன்று இருக்கிறது. எல்லா அனோட்டேஷனையும் அது அறியாது, ஆனாலும் எளிய இங்க்ரெஸ்களுக்கு நேரம் மிச்சம்.

புதிய ஐபிக்கு 9-ஆம் பதிலில் சொன்ன --ரிசால்வ் முறையில் ஒவ்வொரு ஹோஸ்டையும் சோதியுங்கள். டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய பதிலை எத்தனை நேரம் நினைவில் வைக்கலாம் என்பது) இரண்டு நாள் முன்பே 300 நொடிக்குக் குறையுங்கள். ரெக்கார்டை மாற்றியபின்னும் பழைய கன்ட்ரோலரின் லாக்கில் வரிகள் வந்துகொண்டிருக்கும், டிடிஎல்லை மதிக்காத கிளையன்ட்கள் எங்கேயும் உண்டு. அந்த லாக் அடங்கியபிறகு பழைய கன்ட்ரோலரை எடுங்கள்.

22. அப்கிரேட் பண்ணினா "நோ மேட்சஸ் ஃபார் கைண்ட்"னு வருது. அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடவா?

அழிக்காதீர்கள். ஹெல்ம் அன்இன்ஸ்டால் செய்தால் சர்வீஸும் போகும், கிளவுட் அந்த வெளி ஐபியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், மறுபடி நிறுவும்போது வேறு ஐபி வரும். டிஎன்எஸ் முழுவதும் காற்றைப் பார்த்து நிற்கும். ஐபியை ஸ்டாட்டிக்காக முன்பதிவு செய்து வைத்திருந்தால் மட்டுமே தப்பலாம்.

4-ஆம் பதிலில் வந்த அதே பிழை வாசகம்தான், காரணம் வேறு: சார்டின் சிஆர்டிஸ் ஃபோல்டரில் இருப்பதை ஹெல்ம் முதல் நிறுவலில் மட்டுமே போடும், அப்கிரேடில் தொடாது. புதிய சார்ட், பழைய சிஆர்டி. ஹெல்ம் ஷோ சிஆர்டிஸ் ட்ரேஃபிக்/ட்ரேஃபிக், புதிய வெர்ஷன் எண்ணோடு அடித்து, வெளியீட்டை கியூப்சிடிஎல் அப்ளை --சர்வர்-சைட் --ஃபோர்ஸ்-கான்ஃப்ளிக்ட்ஸ் -எஃப் - என்பதற்குள் பைப் செய்யுங்கள். அதன்பின் 5-ஆம் பதிலின் அதே அப்கிரேட் வரி. கோளாறானால் ஹெல்ம் ரோல்பேக் ட்ரேஃபிக்; சிஆர்டிகள் புதியதாகவே இருக்கட்டும், அவற்றைப் பின்னுக்கு இழுக்கப் போய் அழித்துவிட்டால் அந்த வகையில் எழுதிய மிடில்வேர்கள் அத்தனையும் கூடவே போய்விடும்.